பியானோ இசைப்பில் உடலசைவும் முகபாவமும்

பியானோ இசைப்பில் உடலசைவும் முகபாவமும் என்பது, பியானோ வாசிப்பவரின் விரல்களுக்கு அப்பால் அவரது கை, தோள், முதுகு, தலை, முகம் ஆகியவற்றில் வெளிப்படும் அசைவுகளைக் குறிக்கும். இவற்றுள் சில ஒலியை உண்டாக்குவதற்குத் தேவையானவை. சில, இசையின் போக்கைக் கேட்போரின் கண்ணுக்கு உணர்த்துபவை. வேறு சில வெறும் பழக்கத்தால் வருபவை. இம்மூன்றையும் பிரித்தறிவது எளிதன்று. இதனால் கற்பித்தலிலும் போட்டிகளிலும் இவை பற்றிய கருத்து வேறுபாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது.

ஒலி உண்டாகும் முறை

பியானோவின் கட்டையை அழுத்தும்போது, அதனோடு இணைந்த பொறியமைப்பு ஒரு சுத்தியலைத் தந்தியை நோக்கித் தள்ளுகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே சுத்தியல் அப்பொறியமைப்பிலிருந்து விடுபட்டு, தான் பெற்ற வேகத்தில் சென்று தந்தியை அடித்துத் திரும்புகிறது. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்சு நகரில் பார்த்தலோமியோ கிறித்தோபோரி உருவாக்கிய கருவியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. சுத்தியல் விடுபடாவிட்டால் அது தந்தியிலேயே தங்கி ஒலியை அடக்கிவிடும்.

இதன் விளைவு முக்கியமானது. சுத்தியல் விடுபட்ட பின்னர் வாசிப்பவரால் அதன் அடியை மாற்ற இயலாது. வயலின் கலைஞர் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வில்லின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பியானோவில் எஞ்சியிருப்பது, கட்டையை விடும் நேரமும் மிதியின் பயன்பாடுமே. ஆகவே, கட்டையை அடித்த பின் விரலை அதன்மேல் அதிர்ப்பதாலோ கண்களை மூடி உருகுவதாலோ அந்தச் சுரத்தின் ஒலி மாறுவதில்லை.

ஆயினும் அசைவுகள் பயனற்றவை ஆகிவிடா. 88 கட்டைகள் கொண்ட பலகை ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலமுடையது. அதன் இரு கோடிகளையும் எட்ட உடலைச் சாய்க்க வேண்டும். உரத்த ஒலிக்கு விரல்களோடு கையின் எடையும் தோளின் உதவியும் தேவை. ஓர் அடிக்குப் பின் கை உயர்வது, பெரும்பாலும் அடுத்த அடிக்கான ஆயத்தமாகும்.

வரலாறு

பியானோ பரவுவதற்கு முன்பே இது பற்றிய அறிவுரைகள் எழுதப்பட்டுள்ளன. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரின், 1716இல் வெளியிட்ட ஆர்ப்சிகார்டு பாடநூலில், முகத்தைச் சுளிக்கும் பழக்கமுள்ளோர் இசைத்தாள் வைக்கும் பலகையில் ஒரு கண்ணாடியை வைத்துத் தம்மைத் திருத்திக்கொள்ளலாம் என்றார். 1753இல் கார்ல் பிலிப் இமானுவேல் பாக், அருவருப்பான முகச்சுளிப்புகளை ஏற்கவில்லை. எனினும், பொருத்தமான முகபாவம் இசையின் பொருளைக் கேட்போருக்கு விளக்க உதவும் என்று கருதினார்.

1777இல் அவுக்சுபர்க் நகரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் மோட்சார்ட், நன்னெட் ஸ்டைன் என்ற எட்டு வயதுச் சிறுமி வாசிக்கும்போது கண்களை உருட்டி முகத்தைக் கோணுவதைக் கேலி செய்தார். பிற்காலத்தில் இச்சிறுமியே நன்னெட் ஸ்ட்ரைக்கர் என்ற பெயரில் வியன்னாவின் புகழ்பெற்ற பியானோ தயாரிப்பாளராகி, பீத்தோவனின் நண்பராகவும் விளங்கினார்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சு லிஸ்ட் தனிக் கச்சேரிகளை நிகழ்த்தினார். அவர் பெரும்பாலும் இசைத்தாளின்றி நினைவிலிருந்தே வாசித்ததால், அவரது முகமும் உடலும் அவையோரின் கவனத்துக்கு உரியவையாயின. அதே நூற்றாண்டில் இதற்கு எதிரான போக்கும் இருந்தது. யொகான் பெர்னார்டு லோஜியர் 1814இல் காப்புரிமை பெற்ற 'கைரோபிளாஸ்ட்' என்னும் கருவி, மாணவரின் கைகளைக் கட்டைகளின் மேல் ஒரே நிலையில் நிறுத்தி வைத்தது.

20ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள்

செர்கேய் ரக்மானினோவ், விளாடிமிர் ஹோரோவிட்சு ஆகியோர் ஏறத்தாழ அசைவற்ற உடலோடு வாசித்தவர்கள். எனினும் இவர்களது வாசிப்பு பொதுவாக உணர்ச்சியற்றதாகக் கருதப்படுவதில்லை.

கனடாவின் கிளென் கூல்ட் (1932–1982) இவர்களுக்கு நேர்மாறானவர். தரையிலிருந்து சுமார் 35 செ.மீ. உயரமே உள்ள நாற்காலியில் அமர்ந்து, முகத்தைக் கட்டைகளுக்கு அருகில் வைத்து, உடலை அசைத்தபடி வாசித்தார். ஒரு கை ஓய்வாக இருக்கும்போது அதனால் தமக்குத் தாமே தாளம் காட்டினார். அவர் முணுமுணுத்துப் பாடுவது அவரது ஒலிப்பதிவுகளிலும் கேட்கிறது. 1964இல் மேடைக் கச்சேரிகளைக் கைவிட்ட பின்னர், பார்வையாளர் இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்திலும் இவை தொடர்ந்தன. எனவே, அசைவுகள் அனைத்தும் அவையோருக்கான காட்சியே என்ற கருத்துக்கு இவர் ஒரு மறுப்பாக உள்ளார்.

ஆய்வுகள்

ஜேன் டேவிட்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கலைஞர்கள் ஒரே இசைப்பகுதியை உணர்ச்சியின்றியும், இயல்பாகவும், மிகைப்படுத்தியும் வாசித்தனர். இவ்வேறுபாட்டை ஒலியைக் காட்டிலும் அசைவே பார்வையாளர்களுக்குத் தெளிவாக உணர்த்தியது.

பியானோ கலைஞரும் உளவியல் ஆய்வாளருமான சியா-ஜுங் சே 2013இல் வெளியிட்ட ஆய்வில், போட்டிகளின் இறுதிச் சுற்றில் வாசித்த மூவருள் வென்றவர் யார் எனப் பங்கேற்றோர் ஊகித்தனர். குருட்டு ஊகமாயின் மூன்றில் ஒரு பங்கே சரியாக இருக்கும். ஒலியற்ற நிகழ்படத்தைப் பார்த்தோர் ஏறத்தாழப் பாதியளவு சரியாகக் கூறினர். ஒலியை மட்டும் கேட்டோர், இசை வல்லுநர் உட்பட, அந்த அளவை எட்டவில்லை. ஒலியே முதன்மையானது என்று பெரும்பாலானோர் முன்னர் கூறியிருந்தது குறிப்பிடத்தக்கது. இவ்விளைவு எல்லா வகைப் போட்டியாளர்களுக்கும் பொருந்துவதில்லை என்பதை 2018இல் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது.

கற்பித்தலில்

மாணவர் ஒருவர் புகழ்பெற்ற கலைஞரின் முகபாவத்தை மட்டும் பின்பற்றினால் ஒலியில் மாற்றம் ஏற்படாது. மறுபுறம், அசைவுகளை முற்றாகத் தடுத்தால் தோளும் மணிக்கட்டும் இறுகி வாசிப்பு பாதிக்கப்படலாம். ஓர் அசைவு அடிக்கு முன் நிகழ்ந்து அதற்கு உதவுகிறதா, அடிக்குப் பின் வெறுமனே தொடர்கிறதா என்று பார்ப்பது இவ்விரண்டையும் பிரித்தறியும் ஒரு வழியாகும். வாசிப்பைப் பதிவு செய்து, முதலில் பாராமல் கேட்டு, பின்னர் நிகழ்படமாகப் பார்ப்பது மற்றொரு வழியாகும்.