கறம்பக்குடிக்குக் கிழக்கே கடற்பசு மேய்கிறது, தெரியுமா?

கறம்பக்குடியில் பஸ் ஏறினால் பட்டுக்கோட்டை. அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் மனோரா. அந்தக் கரையில் நின்று நாம் பார்க்கும் கடல்தான், இந்தியாவிலேயே முதன்முதலாகக் கடற்பசுவுக்கென்றே ஒதுக்கப்பட்ட கடல். தெரியுமா உங்களுக்கு? 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த காப்பகம் இது. அதிராம்பட்டினத்திலிருந்து நம் மாவட்டத்து அம்மாபட்டினம் வரை, பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்! தெற்கே, 21 தீவுகளோடு 1986-இல் உருவான மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைப் பலரும் அறிவார்கள். பக்கத்திலேயே இருக்கும் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் இந்தக் கடற்பசு மீனே இல்லை! குட்டி போட்டுப் பால் கொடுக்கும். மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். நிலத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? யானை! வளர்ந்த ஆணுக்குக் குட்டையாகத் தந்தம்கூட உண்டு. சுமார் 400 கிலோ எடை, சுமார் 70 ஆண்டு ஆயுள். ஒரு வருடத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகும். அதனால்தான் ஒன்று செத்தாலும் பேரிழப்பு.

சாப்பாடு? கடற்புல்தான், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ! அந்தப் புல் பாசி இல்லை. தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கிற செடி. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, வெயில் அடிவரை இறங்கும், அதனால் புல் செழிக்கிறது. மீன்குஞ்சும் இறாலும் வளர்வதும் அங்கேதான். நம் மாவட்டத்தில் பிறக்கும் அக்னி ஆறு இந்தக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. ஆற்றில் நாம் வீசும் பாலிதீன் எங்கே போகும் என்று யோசியுங்கள்!

ஆவுளியாவுக்கு வடகடலில் ஓர் அண்ணன் இருந்தது: ஸ்டெல்லர் கடற்பசு. 1741-இல் கண்டுபிடித்தார்கள், வேட்டையாடியே 27 ஆண்டுகளில் பூண்டோடு அழித்துவிட்டார்கள்.

இந்தக் கடலைப் பார்க்கப் போகும்போது மனோராவையும் பாருங்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம்! எங்கோ ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் கரையில் சின்னம்! இன்னும் கிழக்கே போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அதையும் தாண்டினால் வெளிமான்கள் துள்ளும் கோடியக்கரை சரணாலயம். 2018 கஜா புயல் அந்தக் காடுகளையும் புரட்டிப் போட்டது, நம் ஊர்த் தென்னைகளையும் சாய்த்தது.

கரையிலிருந்து ஆவுளியாவைப் பார்ப்பது அபூர்வம். அதைத் தேடிப் படகில் விரட்ட வேண்டாம். வலையில் சிக்கியதை அவிழ்த்துக் கடலுக்கே திருப்பி அனுப்பிய மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் கதை கேளுங்கள். கரையொதுங்கிய ஒன்றைக் கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்!