இறுகிய பேரிங்கைக் கழற்றுவது எப்படி?

டில்லியில் காஷ்மீரி கேட் கடைகளில் ஜீப்புக்குச் சக்கரப் பேரிங் கிடைக்கும். புதியதை வாங்குவது எளிது. பழையதைக் கழற்றுவதுதான் கடினம். ஏன்?

சேற்றிலும் தண்ணீரிலும் ஜீப் ஓடுகிறது. தண்ணீர் உள்ளே புகுகிறது. கிரீஸ் கெடுகிறது. துருப் பிடிக்கிறது. பேரிங்கின் வெளி வளையம் சக்கரக் குடத்தில் இறுகிவிடுகிறது. இந்தக் குடத்தை மெக்கானிக்குகள் ஹப் என்பார்கள்.

உடனே சுத்தியலால் அடிக்காதீர்கள். பேரிங் கடினமான எஃகு. சுத்தியலும் எஃகு. இரண்டும் மோதினால் சில்லு தெறிக்கும். கண் போய்விடும்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சுவார். பட்டை விரியும். சக்கரத்தில் மாட்டுவார். ஆறியதும் இறுகும். இங்கும் அதே வழிதான்.

முதலில் வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஹப்பைத் தனியே கழற்றுங்கள். கிரீஸைச் சுத்தமாகத் துடையுங்கள். கிரீஸ் தீப்பிடிக்கும். பிறகு ஹப்பின் வெளிப்புறத்தைச் சுற்றிலும் சூடாக்குங்கள். ஹப் விரியும். பிடி தளரும்.

இப்போது வளையத்தின் விளிம்பில் பித்தளைத் தண்டை வைத்துத் தட்டுங்கள். பித்தளை மிருதுவானது. ஒரே பக்கம் தட்டினால் வளையம் கோணிக்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். வளையம் நேராக வெளியே வரும்.

வேலை முடியும்வரை கண்ணாடி அணியுங்கள். பேரிங் கடையில் கிடைக்கும். கண் கிடைக்குமா?