பம்ப்பை நிறுத்தினால் அடங்கும் ஆறு: செயற்கை ராஃப்டிங் தடம் நமக்குச் சொல்லும் பாடம்

பத்து பெரண்டாம் – பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ரப்பர் படகில் ஆற்றுப் பாய்ச்சலில் இறங்கும் ‘ராஃப்டிங்’ மீது பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடுகிறது. மலாக்கா ஆறு மெதுவாக ஓடும் ஆறு. சுற்றுலாப் படகுக்குப் பொருந்தும், ராஃப்டிங்கிற்குப் பொருந்தாது. அதனால் இங்குள்ளவர்கள் பேராக் மாநிலத்தின் கோப்பெங்கிற்கோ, சிலாங்கூரின் கோல குபு பாருவிற்கோ போக வேண்டியுள்ளது.

சில நாடுகளில் இதற்கென்றே ஆற்றைக் கட்டியிருக்கிறார்கள். அதன் செயல்பாட்டைத் தெரிந்துகொண்டால், நம் ஆறுகளில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் விளங்கும்.

*கட்டப்பட்ட ஆறு*

ஒலிம்பிக் போட்டிக்கான முதல் செயற்கைத் தடம் 1972-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அமைந்தது. லெக் ஆற்று நீரைத் திருப்பி அதில் பாயவிட்டார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கிற்காக பென்ரித் நகரில் கட்டப்பட்ட தடம் வேறு வகை. அங்கே ஆறே தேவையில்லை. கீழ்க் குளத்து நீரை ஆறு பம்ப்கள் மேல் குளத்திற்கு ஏற்றுகின்றன. அந்நீர் 320 மீட்டர் நீளமுள்ள ‘U’ வடிவக் கால்வாயில் 5.5 மீட்டர் சரிந்து மீண்டும் கீழே வருகிறது. நொடிக்கு 14 கன மீட்டர் நீர், அதாவது 14,000 லிட்டர். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை ஏறக்குறைய மூன்றே நிமிடத்தில் நிரப்பிவிடும் வேகம் இது.

மலாய் மொழியில் ‘பத்து பெரண்டாம்’ என்றால் நீரில் ஊறிக் கிடக்கும் கல். ராஃப்டிங்கின் சூட்சுமமும் அதுதான். மூழ்கிய கல்லின் மேல் ஏறி விழும் நீர், கீழே சுருண்டு பின்னோக்கித் திரும்புகிறது. காற்றுக் குமிழ்கள் கலப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. பென்ரித்தில் கற்களுக்குப் பதிலாக இடம் மாற்றக்கூடிய தடுப்புகளை வைத்து அலைகளை உருவாக்குகிறார்கள்.

*ஒரு நாள் சவாரி*

போட்டி முடிந்த பிறகும் அத்தடம் பொதுமக்களுக்குப் பயன்படுகிறது. வருகிறவர்கள் தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிந்துகொள்கிறார்கள். முன்னே துடுப்பு போடு, பின்னே போடு, கயிற்றைப் பிடி, குனிந்து உட்கார் என்ற கட்டளைகளை வழிகாட்டி முதலில் கற்றுத் தருகிறார். பிறகு படகு பாய்ச்சலில் இறங்குகிறது. அடிவாரம் வந்ததும், ஆட்கள் உட்கார்ந்தபடியே படகை ஒரு நகரும் பட்டை மேலே ஏற்றிவிடுகிறது. அடுத்த சுற்று தொடங்குகிறது.

படகு கவிழ்வதும் உண்டு. ஆனால் கரை பக்கத்திலேயே இருக்கிறது. கால் சிக்கும் கல் இடுக்கோ விழுந்து கிடக்கும் மரமோ இல்லை. அவசரம் என்றால் பம்ப்பை நிறுத்தலாம், நீரோட்டம் அடங்கிவிடும்.

*நம் ஆறுகளில்*

கோப்பெங்கில் கம்பார் ஆற்றையோ கோல குபு பாருவில் சிலாங்கூர் ஆற்றையோ யாராலும் அப்படி நிறுத்த முடியாது. மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ‘கெப்பாலா ஆயர்’ எனும் திடீர் நீர்ப்பெருக்காக வந்து சேரலாம். 2021 ஆகஸ்டில் கெடா, யான் வட்டாரத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பறித்தது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலை தழை, கிளைகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நீரில் விழுந்தவர்கள் முதலில் செய்யும் தவறு, எழுந்து நிற்கப் பார்ப்பது. முழங்கால் அளவு நீராக இருந்தாலும், வேகமாக ஓடும்போது நிற்கக் கூடாது. கால் கல் இடுக்கில் மாட்டினால் நீரோட்டமே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து மிதந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேல் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அமைதியான நீர் வந்ததும் கரை நோக்கி நீந்தலாம். வழியில் மரம் கிடந்தால் அதை விட்டு விலகிவிட வேண்டும். கிளைகளுக்கிடையே நீர் போய்விடும், ஆள் போக முடியாது.

*பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்*

வழிகாட்டிக்கு மீட்புப் பயிற்சி உண்டா? மிதவை அங்கி பிள்ளையின் உடலுக்குச் சரியாகப் பொருந்துகிறதா? தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. மேல்பகுதியில் மழை பெய்கிறதா என்று யார் கண்காணிக்கிறார்கள்? மழை வந்தால் சவாரியை ரத்து செய்வார்களா? காப்புறுதி உண்டா?

இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாதவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம். நீச்சல் தெரியாத பிள்ளைகள் விடுமுறைக்கு முன்பே அருகிலுள்ள நீச்சல் குளத்தில் மிதக்கவாவது கற்றுக்கொள்வது நல்லது. ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 999.