குறிஞ்சி பூக்காத மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. கீரிமலை என்னும் பெயரில் மலை உண்டு, நிலத்தில் இல்லை. செம்மண்ணும் சுண்ணக்கல்லும் பனையும் கடலுமே நம் மாணவர் கண்டு வளர்ந்தவை. ஆதலின், குறிஞ்சித்திணை கற்பிக்கும் ஆசிரியன் அருவியையும் சுனையையும் சொல்லினாலேயே கட்டியெழுப்ப வேண்டியவனாகின்றான். அத்தகைய மாணவர்க்கு மலையைக் கண்முன் நிறுத்தும் திரைப்படம் ஒன்று வாய்க்குமாயின் அது பெரும்பேறன்றோ? இவ்வெதிர்பார்ப்புடனேயே, பலரும் புகழ்ந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படத்தைக் கண்டேன். ஏமாற்றமே எஞ்சியது.

சிதம்பரம் இயக்கிய இப்படம் 2024 பெப்ரவரியில் வெளிவந்தது. கதை மெய்யாக நிகழ்ந்ததே. 2006இல் கொச்சியை அடுத்த மஞ்சும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சென்ற இளைஞருள் ஒருவர் ஆழ்குழியொன்றில் வீழ்ந்தார். நண்பர் ஒருவர் கயிற்றின் துணையோடு உள்ளிறங்கி அவரை உயிருடன் மீட்டார். அவ்விடம் முன்னர் 'பேயின் அடுக்களை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கியது. 1991இல் வந்த 'குணா' படத்திற்குப் பின்னரே குணா குகை எனப் பெயர்பெற்றது.

படத்தின் சிறப்பை மறைப்பது முறையன்று. தொடக்கத்திலே விளையாட்டாகக் காட்டிய கயிறிழுத்தற் போட்டி, இறுதியில் உயிர்மீட்கும் தொழிலாக மாறுகின்றது. நட்பின் பெருமை நன்கு புலப்படுகின்றது. குழியின் இருளும் நம்மை நடுங்கச் செய்கின்றது. ஆயினும் யாம் கண்டது குழியையேயன்றி மலையை அன்று.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்றும் இணைந்தே திணை ஆகும். நிலமும் பொழுதும் முதல். மரமும் மலரும் புள்ளும் மாவும் அந்நிலத்து மாந்தரும் கரு. மனத்து ஒழுக்கம் உரி. இப்படத்தில் அச்சமாகிய உணர்ச்சி மிகுதியும் உண்டு. கருப்பொருளோ இல்லையென்றே சொல்லலாம். மலைவாழ் தமிழரும், மீட்பைத் தடுப்பவராகவோ அதற்கு உதவுபவராகவோ வந்து மறைகின்றனர். அவர்க்கும் அம்மலைக்கும் உள்ள உறவு பேசப்படவில்லை.

"உயிருக்குப் போராடும் வேளையில் பூவையும் புள்ளையும் யார் நோக்குவர்?" என வினவலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டே விடை. 99 மலர்களை அடுக்கிய அப்புலவர், அதே பாட்டில் சினங்கொண்ட யானையையும் கொணர்கின்றார். மகளிர் நடுங்குகின்றனர், தலைவன் அம்பெய்து காக்கின்றான். பின்னர், இரவில் அவன் வரும் வழியின் புலியையும் கரடியையும் பாம்பையும் எண்ணித் தலைவி கலங்குகின்றாள். அழகும் இடரும் ஒரே மலையின் இரு முகங்கள். ஒன்றை விடுத்தால் மற்றொன்று வெறும் மிரட்டலாய்க் குறுகிவிடும்.

வியப்பு ஒன்றுண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, பழனிமலைத் தொடரில் பெருந்திரளாய்ப் பூத்த ஆண்டும் அந்த 2006ஆம் ஆண்டே. அம்மலர் இப்படத்தில் என் நினைவில் நிற்குமாறு எங்கும் தோன்றவில்லை. கொடைக்கானலிலுள்ள குறிஞ்சியாண்டவர் கோயிலோ நமக்கு அயலானதன்று. 1936இல் அதனை எழுப்பியவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். மருதனார்மடத்து இராமநாதன் மகளிர் கல்லூரியில் பயிலும் பெண்ணுக்கும் அம்மலைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

இன்னுமொன்று: உச்சக்கட்டத்தில் நெஞ்சை உருக்குவது 'குணா'வில் இளையராஜா அமைத்த பழைய பாடலே. அதனைக் கேட்டுக் கண்ணீர் விட்டோர், புதிய படத்திற்காக விட்டனரோ பழைய நினைவிற்காக விட்டனரோ என்று தம்மையே வினவிப் பார்க்கட்டும்.

மாணவர் இப்படத்தைக் காணட்டும், நட்பைக் கற்கட்டும். மலையைக் கற்க வேண்டுமாயின் கபிலரிடமே செல்லட்டும். குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளே. இரண்டேகால் மணி நேரப் படத்தைக் காண்போர்க்கு அதனைப் படிக்க நேரமில்லை என்று சொல்ல இயலாது.