மொழி காத்த சிற்றூர்கள்

ஹங்கேரி நாட்டின் வடகிழக்கில் செம்ப்ளேன் மலைத்தொடர் உளது. மேற்கே ஹெர்னாட் ஆறும் கிழக்கே பொட்ரொக் ஆறும் பாயும் அம்மலைச் சாரலில் திராட்சைத் தோட்டங்களும் உழவர் வாழும் சிற்றூர்களும் நிறைந்துள்ளன. ஹங்கேரிய மொழியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தலைநகரை விடுத்து முதலில் இச்சிற்றூர்களையே நாடல் வேண்டும்.

16ஆம் நூற்றாண்டிலே, நாட்டின் நடுப்பகுதி துருக்கியர் ஆட்சியிற் சிக்கியிருந்த காலத்தில், கென்ஸ் என்னும் ஊரிலே சமயப் போதகராய் விளங்கியவர் காஷ்பார் காரோலி. அவரும் துணைவர் சிலரும் வேதாகமத்தைத் தம் தாய்மொழியிற் பெயர்த்தனர். அது அயலூராகிய விஷோயில் அச்சிடப்பெற்று 1590இல் நிறைவெய்திற்று. ஹங்கேரிய மொழியில் வேதாகமம் முழுமையாக அச்சேறியது அதுவே முதன்முறை. அவ்வேளை இரண்டூர்களுக்குமிடையே அச்சுத் தாள்களைச் சுமந்து சென்ற மாணவருள் ஒருவர் ஆல்பெர்ட் சென்சி மொல்னார். அவரே பின்னர் 1604இல் அகராதியும் 1610இல் இலக்கணமும் வெளியிட்டார். ஆசிரியர் ஏவிய சிறுபணி அம்மாணவர்க்குப் பெருங்கல்வியாயிற்று.

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. அரசியலும் சட்டமும் இன்னும் இலத்தீனிலேயே நடந்தன. இம்மலைநாட்டு ஷாரோஷ்படாக் கல்லூரியிற் பயின்ற பெரென்ஸ் கசின்சி (1759–1831), அரசுக்கெதிரான சதியில் தொடர்புற்றாரென 1794இற் சிறைப்பட்டார். மரணதண்டனை தணிக்கப்பெற்று, 2,387 நாட்கள் சிறையில் வாடி, 1801இல் மீண்டார். 1806 முதல் 'அழகிய குன்று' எனப் பொருள்படும் சேப்ஹலொம் என்னும் ஊரில் வாழ்ந்தார். அப்பெயரும் அவர் இட்டதே. அங்கிருந்து நாடெங்குமுள்ள புலவர்களுக்கு ஓயாது மடல்கள் வரைந்தார். கலைக்கும் அறிவியலுக்கும் ஏற்பத் தாய்மொழி வளம்பெற வேண்டுமெனப் புதுச்சொல்லாக்கத்திற்குத் தலைமை தாங்கினார்.

மரபாளர் வெகுண்டனர். புதுச்சொற்கள் மொழியைச் சிதைக்குமென இகழ்ந்தனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு மனம் முதலில் அவர்கள் பக்கமே சாய்கின்றது. ஆயின், கசின்சி 1819இல் வரைந்த கட்டுரை அச்சாய்வை நிறுத்துகின்றது. மரபைப் பேணும் ஆர்வமும் புதுமையை ஏற்கும் ஆர்வமும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் வேண்டுமென அதில் அவர் நிறுவுகின்றார். எதிரியின் அச்சத்திலும் மொழிப்பற்றைக் கண்ட நடுவுநிலைமை அது.

கடனில் உழன்ற அவர் 1831இல் வாந்திபேதி நோயால் மறைந்தார். 1844இல் ஹங்கேரிய மொழி ஆட்சிமொழியாயிற்று. அவ்வெற்றியைக் காண அவர் இருந்திலர். எனினும் அவர்காலத்து இயக்கம் ஆக்கிய பல்லாயிரம் சொற்கள் இன்று அந்நாட்டுக் குழந்தைகள் நாவிலும் இயல்பாய் வழங்குகின்றன. அவற்றுள் எது புதியது, எது பழையது என்று அக்குழந்தைகள் அறியார். 2008இல் அவர் வாழ்ந்த சேப்ஹலொமிலேயே ஹங்கேரிய மொழிக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது.

புதுச்சொல் ஒன்றைக் கேட்டு முகஞ்சுளிக்கும் போதெல்லாம் அச்சிற்றூரை நினைத்தல் ஆசிரியர்க்கு நலந்தரும்.