பழைய புல்வெட்டு மெஷினை வாங்கலாமா?



மாடு வைத்திருக்கும் வீட்டில் மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் புல் அறுத்தாக வேண்டும். காலையில் பால் வெட்டுக்கோ, செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கவோ போய்வந்து, பகல் சோற்றை உண்டதும் அரிவாளையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பும் தாய்மார்களை நான் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும்: "பழைய புல்வெட்டு மெஷின் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிவிடலாமா?"

தெலுக் இந்தான் பக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் எழுந்தது. அவர்களிடம் மூன்று மாடுகள். மைத்துனர் முதுகில் மாட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்றை 350 ரிங்கிட்டுக்குப் பேசி வைத்திருந்தார். கூட்டுப் பணம் கைக்கு வந்திருந்த சமயம் அது. தங்கையோ அதை மகளின் பள்ளிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்தாள். "அண்ணே, நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க. நான் சொன்னா அவர் கேட்கமாட்டார்" என்றாள். நான் போனேன்.

மெஷினைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பார்க்கவேண்டும் என்றேன். மேய்ச்சலுக்குப் போகாமல் கொட்டகையிலேயே நிற்கும் மாட்டுக்கு, அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் ஒரு நாளைக்கு வேண்டும். 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு 35 கிலோ. மூன்று மாட்டுக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும். மேய்ந்து வரும் மாட்டுக்கு இவ்வளவு தேவைப்படாது. ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டரை மணி நேர வேலையில் அறுக்கும் நேரம் ஒன்றேகால் மணிதான் என்று தெரிந்தது. மற்றதெல்லாம் நடப்பதும், கட்டுவதும், சுமப்பதும். மெஷின் புல்லை வெட்டும், கட்டாது, சுமக்காது. ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு நல்ல அரிவாளும் சாணைக்கல்லும் போதும் என்பது என் எண்ணம். மூன்று, நான்கு மாடுகள் இருந்து, நேப்பியர் புல்லையும் நட்டு வைத்திருந்தால் மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது விலை. ஒரு பேச்சுக்குப் புதிய மெஷின் 900 ரிங்கிட் என்றும், அது ஆறு ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 150 ஆகிறது. பழையது 350, பழுது பார்க்க 150, இரண்டு ஆண்டில் ஓய்ந்துவிட்டால் ஆண்டுக்கு 250. மலிவு எது? ஆகவே விற்பவர் சொல்லும் விலையோடு, அந்த மெஷின் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மெஷின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் இஞ்சின் கொண்டவை. இவற்றுக்குத் தனியே இஞ்சின் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்திருக்கும் டூ-டி எண்ணெய்தான் உள்ளேயுள்ள பிஸ்டனை வழுக்கலாக வைத்துக் காப்பாற்றுகிறது. ஒருவன் எண்ணெயைக் குறைத்துக் கலந்து ஒரு பிற்பகல் ஓட்டினாலும் போதும், பிஸ்டன் சூடேறி, விரிந்து, உரசி, கீறல் விழுந்துவிடும். வெளியே சாயம் புதிதாகப் பளபளக்கும். உள்ளே ஆயுள் முடிந்திருக்கும்.

நாங்கள் போனபோது இஞ்சின் சூடாக இருந்தது. "இப்பத்தான் சும்மா ஓட்டிப் பார்த்தேன்" என்றார் விற்பவர். அதில் தவறில்லை; ஆனால் குளிர்ந்த இஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதை நாம் பார்க்க முடியாமல் போய்விடுகிறது. அதனால் ஆறும்வரை காத்திருந்தோம். ஆறியதும் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தேன். நல்ல இஞ்சினில் கை ஓரிடத்தில் தடைபடும், விடும், மறுபடி தடைபடும். தடையே இல்லாமல் கயிறு வழவழவென்று வந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று பொருள். இதிலே தடை இருந்தது, ஆனால் சொல்லும்படி இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாயிருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. இது வெளுத்திருந்தது.

அதன்பின் மெஷினை முடுக்கிப் பத்து நிமிடம் புல் வெட்டினோம். அணைத்துவிட்டு உடனே மறுபடி இழுத்தோம். நேயர்களே, தேய்ந்த இஞ்சின் குளிரில் எப்படியோ பிடித்துவிடும். சூட்டில்தான் மக்கர் செய்யும். மைத்துனர் பதினைந்து முறை இழுத்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

விற்பவரின் சம்மதத்துடன் பட்டணத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், புகை போகும் சைலன்சரை மட்டும் கழற்றச் சொன்னோம். அந்தத் துவாரத்தின் வழியே பிஸ்டனின் பக்கவாட்டுத் தெரியும். கண்ணாடிபோல் இருக்கவேண்டிய இடத்தில் மேலும் கீழுமாகக் கோடுகள். அத்தோடு பேச்சு முடிந்தது. கழற்றிப் பார்க்கச் சம்மதிக்காத ஆளிடம் வாங்கவே வேண்டாம் என்பேன்.

இஞ்சின் நன்றாக இருந்தாலும் வேறு சில இடங்களைப் பார்க்கவேண்டும். முடுக்கியை விட்டதும் கத்தி நின்றுவிடவேண்டும். மெதுவாக ஓடும்போதும் கத்தி சுழன்றால் ஒன்று வேகம் சரியாக வைக்கப்படவில்லை, அல்லது கிளட்ச் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் கால் போய்விடும். வளையும் குழாய்க்குள் சுழலும் எஃகுக் கம்பியை உருவிப் பாருங்கள். கிரீஸ் இல்லாமல் காய்ந்து, இழை பிரிந்திருந்தால் அதையும் மாற்றவேண்டிவரும். கத்திக் காப்பு இருக்கவேண்டும். விரிசல் கண்ட கத்தியை, ஒட்டவைத்த கத்தியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ரசீது கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். தோட்ட நிர்வாகத்தின் மெஷின் திருட்டுப்போய்க் கைமாறி வருவதும் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி குற்றம். இஞ்சினில் உள்ள எண்ணைச் சுரண்டியிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிவாளால் அறுக்கும்போது இடது கை புல்லைப் பிடிக்கிறது. கம்பியோ ஆணியோ இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். மெஷினுக்குத் தெரியாது. அது கம்பியையும் துண்டாக்கிப் புல்லோடு கலந்துவிடும். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. இரும்புத்துண்டு அதன் இரண்டாம் வயிற்றில் தங்கி, குத்தி, நெஞ்சுவரைக்கும் போய்க் கொல்லக்கூடும். ஆகவே வேலியோரத்திலும் லயத்துக் குப்பைமேட்டிலும் மாட்டுப்புல்லுக்கு மெஷினைப் போடக்கூடாது. நைலான் நூலும் வேண்டாம். அறுந்த நூல் தீவனத்தில் சேரும். இரும்புக் கத்திதான் ஏற்றது. வெட்டும்போது பிள்ளைகள் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிற்கட்டும். கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல் ஒருவரும் மெஷினைத் தூக்கக்கூடாது.

இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் பெட்ரோலைக் கலப்பவர் ஒருவராகவே இருக்கவேண்டும். என் அனுபவத்தில், பலர் கலக்கிற மெஷின் ஓராண்டு தாண்டுவதில்லை.

என் மைத்துனர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு 450 ரிங்கிட்டுக்கு ஒன்று கிடைத்தது. ரசீது இருந்தது, சூட்டிலும் இரண்டாம் இழுப்பில் பிடித்தது. கூட்டுப் பணத்தைத் தொடவில்லை; ஒரு கிடாரிக் கன்றை விற்றார்கள். பெட்ரோல் கலக்கும் பொறுப்பைத் தங்கை தானே எடுத்துக்கொண்டாள். அந்த மெஷினின் புத்தகத்தில் 25க்கு 1 என்று போட்டிருக்கிறது. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். கோடு போட்ட கலவைப் புட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஊற்றுகிறாள். புட்டியின்மேல் சிவப்புச் சாயத்தில் பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறாள். மைத்துனர் அவசரத்தில் கைக்கணக்காக ஊற்ற வந்தால் கொடுப்பதில்லை.