இணையத்தளத்திற்கும் வாசற்படி உண்டு



வீட்டின் வாசற்படி உயரமாக அமைந்துவிட்டால், முழங்கால் வலியுள்ள பாட்டி வெளியிலேயே நின்றுவிடுவார். இணையத்தளமும் அப்படித்தான். உதவித்தொகை விண்ணப்பம், வேலைக்கு மனு எனப் பல காரியங்கள் இன்று இணையத்தின் வழியே நடக்கின்றன. கண் தெரியாதவரோ கை நடுங்குபவரோ அங்கே நுழைய முடியாவிட்டால், அவருக்குச் சேர வேண்டியது சேராமலே போகும்.

பார்வையற்றவர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்? திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையிலுள்ள எழுத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டும். சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையைக் கொண்டே அவர் வேலையை முடிப்பார். ஆனால் 'அனுப்பு' என்ற பொத்தானை வெறும் படமாக வைத்து, அதற்கு விளக்கம் எழுதாமல் விட்டால், "பொத்தான்" என்று மட்டுமே அவர் காதில் விழும். எதற்கான பொத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இத்தகைய தடைகளை நீக்கவே உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வெளியிட்டது. 2008இல் அவற்றைத் திருத்தி அமைத்தது. 2023இல் 2.2 என்னும் பதிப்பு வந்தது. இவற்றின் அடிப்படைகள் நான்கு: உள்ளடக்கத்தைக் கண்ணாலோ காதாலோ விரலாலோ உணர முடிய வேண்டும்; தளத்தை இயக்க முடிய வேண்டும்; புரிந்துகொள்ள முடிய வேண்டும்; பலவகைக் கருவிகளிலும் அது சரிவர இயங்க வேண்டும். விதிகள் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என மூன்று படிகளாக உள்ளன. பலரும் இரட்டை ஏ படியையே இலக்காகக் கொள்கின்றனர்.

இனி, தளம் அமைக்கும் ஒரு குழு இவ்விதிகளைத் தன் அன்றாட வேலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம்.

முதலில் எந்தப் படி என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்து, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். வடிவமைப்பவர், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவிலாவது இருக்கிறதா என்று பார்ப்பார். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், சொல்லாலும் சொல்வார். நிரல் எழுதுபவர், விசைப்பலகையால் எல்லா இடத்திற்கும் போக வழி செய்வார். படிவத்திற்கு நேரக்கெடு இருந்தால், அதை நீட்டிக்கொள்ளவும் இடம் வைப்பார். எழுதுபவர் படத்திற்கு விளக்கமும், ஒளிக்காட்சிக்கு எழுத்துரையும் தருவார்.

அதன்பின் சோதனை. தானியங்கிக் கருவிகள் சில குறைகளையே கண்டுபிடிக்கும். படத்திற்கு விளக்கம் இருக்கிறதா என்று அவை சொல்லும்; அது பொருத்தமான விளக்கமா என்று சொல்ல மனிதர்தான் வேண்டும். ஆகவே உடற்குறையுள்ளவர்களையே அழைத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வது மிக அவசியம். வேலை முடிந்தபின் ஒட்டுப்போடுவதைவிடத் தொடக்கத்திலேயே திட்டமிடுவது செலவையும் குறைக்கும்.

பெற்றோர்களே! மலேசியாவில் 2008ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. எனவே இது தருமம் அன்று, உரிமை. ஒரு தளத்தில் தடை கண்டால், எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் என்று குறித்து, அதை நடத்துபவர்களுக்கு எழுதுங்கள். கணினி படிக்கும் பிள்ளைகளிடம், "சுட்டியை ஒதுக்கிவிட்டு, நீ செய்த தளத்தை விசைப்பலகையால் மட்டும் இயக்கிக் காட்டு" என்று கேளுங்கள். அந்த ஒரு சோதனையே அவர்களுக்குப் பல பாடங்களைக் கற்றுத்தரும்.